அலமாரிக்கு மேலே வைத்த புத்தகம்

2023 அக்டோபரில் ஒரு புத்தகத்தை என் மகளிடமிருந்து ஒளித்து வைத்தேன். நூலகப் புத்தகம், இரண்டு வாரத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டியது. துணி அலமாரியின் உச்சியில், ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய பெட்டிக்குப் பின்னால், அட்டை சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கும்படி வைத்தேன். அன்றைக்கு நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்தேன். ஆனால் அது மனதில் முள் மாதிரி தங்கிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் ஹாலோவீன் என்கிற பேய்ப் பண்டிகைக்காகக் கடைகளில் ஆரஞ்சு நிறப் பூசணி முகங்கள் தொங்க ஆரம்பித்ததும் அந்த அலமாரியின் உச்சி ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. சரி, இந்த வருஷம் எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில். 2019இல் கணவரின் வேலைக்காகத் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்தோம். மகள் அடுத்த வருஷம் இங்கேதான் பிறந்தாள். ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருக்கிறோம். வீட்டுக்கார அம்மாவுக்கு எண்பது வயது நெருங்குகிறது. நான் அவரை ஆன்ட்டி என்பேன், மகள் ஆயா என்பாள். ஆயாவின் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம்தான். சமையலறைக்கும் சாமி அறைக்கும் போனால் மட்டும் தமிழ் தானாக வந்துவிடும். பேய் என்பதற்கும் அவருக்குத் தமிழ்ச் சொல் ஒன்றுதான் வரும்.

அக்டோபரில் எங்கள் நூலகத்தின் குழந்தைகள் பகுதியில் ஒரு மேசை போட்டு, பேய்ப் புத்தகங்களாக அடுக்கிவிடுவார்கள். சூனியக்காரிகள், வௌவால்கள், எலும்புக்கூடுகள், போர்வை போர்த்திய குட்டிப் பேய்கள். பெரும்பாலான புத்தகங்களில் பேய் சிரித்துக்கொண்டே இருக்கும். மூன்றரை வயது மகள் அந்தச் சிரிக்கிற பேய்களையெல்லாம் தள்ளிவிட்டுக் கறுப்பு அட்டை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்தாள். ஒரு குன்று, குன்றின் மேல் ஒரு வீடு, வீட்டுக்குள் கதவுக்குப் பின் கதவு. பக்கத்துக்கு ஒரு கதவு. ஒவ்வொரு கதவும் அதற்கு முந்தினதைவிடச் சின்னது. கடைசிக் கதவைத் திறந்தால் நீள நீளமான விரல்களோடு ஒன்று நிற்கும். அதற்கு முகமே வரைந்திருக்காது.

அன்று ராத்திரி படுக்கையில் வைத்துப் படித்தோம். கடைசிக் கதவு திறந்ததும் அவள் வீறிட்டு அழுதாள். நான் பதறிப்போய்ப் புத்தகத்தைப் பட்டென்று மூடினேன். விளக்கைப் போட்டேன், தண்ணீர் கொடுத்தேன், முருகன் பாட்டு பாடினேன். தூங்கிவிட்டாள். மறுநாள் காலையில் புத்தகம் அலமாரிக்கு மேலே போயிற்று.

அதற்கப்புறம்தான் நிஜமான தொல்லை ஆரம்பித்தது. ராத்திரி ஆனால் அவள் கண் அலமாரியின் உச்சிக்குப் போகும். “அம்மா, அது இன்னும் அங்கதான் நிக்குதா?” என்று கேட்பாள். புத்தகத்தை நூலகத்தில் கொடுத்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை, நான் ஒளித்து வைத்ததைப் பார்த்திருக்கிறாள். ஏழு ராத்திரி இப்படிப் போயிற்று. விளக்கு எரிய வேண்டும், நான் பக்கத்தில் இருக்க வேண்டும், அலமாரிக்கு முதுகு காட்டிப் படுக்க மாட்டாள். அந்த ஏழு ராத்திரியும் நான் அந்தப் புத்தகத்தை எழுதியவரையும், மேசையில் வைத்த நூலகத்தாரையும், இந்தப் பண்டிகையையும் மாறி மாறிக் கோபித்துக்கொண்டிருந்தேன். பிஞ்சு மனசுக்கு எதற்குப் பேய்? பூவும் பட்டாம்பூச்சியும் போதாதா?

பூச்சாண்டி யார் பக்கம்?

இந்தக் கேள்வியை யோசிக்கும்போது என் சின்ன வயது நினைவுக்கு வந்தது. எங்களுக்கு யாரும் பேய்ப் புத்தகம் வாங்கித் தந்ததில்லை. ஆனால் பேய் இல்லாமல் வளர்ந்தோம் என்று சொல்ல முடியுமா? சோறு ஊட்டும்போது பூச்சாண்டி வருவான். அழுதால் வருவான். தெருவில் கோணிப்பை சுமந்து போகிற மனிதரைக் காட்டி, “பிடிச்சுக் குடுத்துடுவேன்” என்று அம்மா சொல்வாள். அம்மாவைக் குறை சொல்லவில்லை, மூன்று பிள்ளைகளைத் தனியாகச் சமாளித்தவள். ஆனால் அந்த வாக்கியத்தைக் கேட்டபோது என் வயிற்றில் என்ன நடந்தது என்பது இன்னும் நினைவிருக்கிறது. பூச்சாண்டி கோரமானவன் என்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அம்மா என்னைப் பிடித்துக் கொடுத்துவிடுவாள் என்பதுதான் பயம். பூச்சாண்டியும் அம்மாவும் ஒரு பக்கம், நான் மட்டும் இந்தப் பக்கம்.

அதே வீட்டில் தாத்தாவும் பேய்க்கதை சொன்னார். அவருடையது கொள்ளிவாய்ப் பிசாசு. வயலைத் தாண்டி, சதுப்பில், மழை விட்ட ராத்திரியில் குப்பென்று எரிந்து அணையும். சதுப்பில் மக்கிப்போன செடிகொடிகளிலிருந்து வருகிற வாயு எரிவதுதான் அது என்று பின்னால் பள்ளிக்கூடத்தில் படித்தேன். தாத்தாவின் கதை எலும்பு வரைக்கும் குளிரடிக்கும். ஆனால் திண்ணையில் அவர் தொடையில் தலை வைத்துக் கேட்கிற கதை. நடுவில் நிறுத்தி, “ம் கொட்டு” என்பார். நாம் ‘ம்’ கொட்டவில்லை என்றால் கதை நகராது. பயம் தாங்கவில்லை என்றால் ‘ம்’ கொட்டாமல் இருக்கலாம், தாத்தாவும் காத்திருப்பார். பிசாசு எங்கே நிற்க வேண்டும், எப்போது வர வேண்டும் என்பதெல்லாம் என் ஒரு ‘ம்’மில் இருந்தது. பூச்சாண்டியைவிடக் கொள்ளிவாய்ப் பிசாசு எத்தனையோ மடங்கு பயங்கரம். இருந்தும் பிசாசுக் கதையை நானே கேட்டு வாங்கினேன், பூச்சாண்டியை ஒருநாளும் கேட்டு வாங்கினதில்லை. ஏனென்றால் தாத்தா என் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

கதைகளில் பெரியவர்கள் கை வைக்கிறபோது எதை மாற்றுகிறார்கள் என்று பார்த்தாலும் இது தெரியும். காட்டில் மிட்டாய் வீட்டுக் கிழவியிடம் சிக்கும் அண்ணன் தங்கை கதை எல்லோருக்கும் தெரியும். கிரிம் சகோதரர்கள் 1812இல் அதை அச்சிட்டபோது, பஞ்ச காலத்தில் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிடலாம் என்று சொல்பவள் பெற்ற தாய்தான். 1840இல் வந்த பதிப்பில் அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். கிழவியும் அடுப்பும் அப்படியே இருக்கின்றன. மனிதரைத் தின்கிற கிழவியைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள், அம்மா எதிர்ப்பக்கம் போவதைத் தாங்க மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தோன்றியதோ என்னவோ. அந்த மாற்றத்தை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

அந்த ராத்திரி

எட்டாவது நாள் ராத்திரி எட்டு மணிக்கு மின்சாரம் போயிற்று. 2023இல் லோட் ஷெட்டிங், அதாவது முறைபோட்டு மின்சாரத்தை நிறுத்துவது, எப்படி இருந்தது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மணி நேரம் இருட்டு. மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலமாரிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். சார்ஜ் விளக்கை எடுத்துக்கொண்டு ஆயா பின்கட்டுக்கு வந்தார். பிள்ளை ஏன் இப்படி இருக்கிறாள் என்று கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். “கடைசியில் என்ன ஆகிறது?” என்றார். எனக்குப் புரியவில்லை. “கதை எப்படி முடிகிறது?” என்று மறுபடியும் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. நான் அடுத்த பக்கத்தைத் திருப்பவே இல்லை.

ஆயா அலமாரியிலிருந்து அதை எடுக்கச் சொன்னார். எனக்கு மனசில்லை, ஆனாலும் எடுத்தேன். ஆயா மகளை இழுக்கவில்லை, சமாதானம் சொல்லவில்லை. தரையில் பாய் போட்டு உட்கார்ந்து, விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புத்தகத்தைத் தன் மடியில் வைத்துத் தனியாகவே படிக்க ஆரம்பித்துவிட்டார். முதல் கதவு வந்ததும், “அய்யோ, இதைத் திறக்க எனக்குப் பயமா இருக்கே” என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். “கண்ணு, கொஞ்சம் திறந்து குடேன்.” மகள் என் கழுத்தை விடவில்லை. ஆயாவும் பக்கத்தைத் திருப்பவில்லை. சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்கிற அளவுக்கு அமைதி. பிறகு மகள் மெல்ல இறங்கிப் போய், எட்ட நின்றபடியே கையை மட்டும் நீட்டிப் பக்கத்தைத் திருப்பினாள். உடனே என்னிடம் ஓடி வந்துவிட்டாள். இரண்டாவது கதவுக்கும் அப்படியே. மூன்றாவதற்குப் போனவள் திரும்பி வரவில்லை, ஆயாவின் முட்டியில் சாய்ந்துகொண்டாள். கதவுகள் சின்னதாகச் சின்னதாக ஆயாவின் பயம் பெரிதாகிக்கொண்டே போயிற்று. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். கடைசிக் கதவில் ஆயா, “எனக்கு வேண்டாம், மூடிவிடலாம்” என்றார். என் மகள் சொன்னாள்: “பயப்படாத ஆயா, நான் இருக்கேன். இது பேப்பர்தான்.”

திறந்தாள். நீளமான விரல்கள். ஆயா வீறிட்டார். மகளும் வீறிட்டாள், ஆனால் இந்த வீறிடலுக்குள் சிரிப்பு இருந்தது. அப்புறம் அவளே அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அந்த நீள விரல் உருவம் ஒரு பழைய கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு, உள்ளே வந்தவர்களிடம் கதவைச் சாத்தச் சொல்கிறது. வெளியிலிருந்து குளிர்காற்று அடிக்கிறதாம். அவ்வளவுதான் கதை.

ஏழு ராத்திரி என் மகளின் தலைக்கு மேலே அந்த உருவம் கதவில் நின்றுகொண்டே இருந்ததற்குக் காரணம் நான்தான். அடுத்த பக்கத்துக்குப் போக நான் அதை விடவில்லை. புத்தகத்துக்கு இரண்டு அட்டை இருக்கிறது, திறந்தால் மூடலாம், திரும்பிப் போகலாம், ஒரு பக்கத்திலேயே நிற்கலாம். அலமாரிக்கு மேலே இருக்கிற புத்தகத்தைப் பிள்ளையால் மூடவே முடியாது. நான் அவளைப் பயத்திலிருந்து காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டு, அந்தப் பயத்தோடு அவளைத் தனியே விட்டிருந்தேன். என் அம்மாவின் பூச்சாண்டியிலிருந்து நான் வெகுதூரம் வந்துவிட்டதாக நினைத்திருந்தேன். அவ்வளவு தூரம் வரவில்லை.

அன்று இருட்டு விலகும் வரைக்கும் அந்தப் புத்தகத்தை ஐந்து தடவை படித்தார்கள். பத்து மணிக்கு மின்சாரம் வந்தபோது மகள் விளக்கை அணைக்கச் சொன்னாள்.

குழாயடிப் பேய்

மறுநாள் ஆயாவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். இப்படிப் பயப்படுவதற்கு எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று. அவர் பிறந்து வளர்ந்தது சோம்ட்சு ரோட்டில் இருந்த மேகசின் பாரக்ஸில். நகராட்சியில் கூட்டுகிற, அள்ளுகிற வேலை செய்த இந்தியக் குடும்பங்களை, பெரும்பாலும் தமிழும் தெலுங்கும் பேசியவர்களை, நெருக்கி நெருக்கிக் குடிவைத்திருந்த இடம். இனத்துக்கு ஓரிடம் என்று பிரித்த 1950ஆம் வருஷச் சட்டத்தின் கீழ், 1960களில் அந்தக் குடும்பங்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். ஆயா அப்போது கல்யாணத்துக்கு நிற்கும் பெண்.

பாரக்ஸில் குழாயும் கழிப்பறையும் எல்லோருக்கும் பொது, வீட்டிலிருந்து நடக்க வேண்டும். குழாயடியில் தலைவிரித்து ஒரு பேய் உட்கார்ந்திருக்கும், ஒற்றையாக வருகிறவர்களைத்தான் கூப்பிடும், ஜோடியாக வந்தால் எழுந்து போய்விடும் என்று ஆயாவின் அம்மா சொல்லி வைத்திருந்தாராம். அதனால் ராத்திரியில் யாருக்கு அவசரம் வந்தாலும் இன்னொருவரை எழுப்ப வேண்டும். எழுப்பினவரும் எழுந்தவரும் கைகோத்துக்கொண்டு போவார்கள். “எங்க வீட்டில் எட்டுப் பிள்ளை. ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிக்காமல் நாங்கள் இருட்டில் நடந்ததே இல்லை” என்றார். அந்தப் பேயைப் பற்றி ராத்திரி படுக்கையில் பேசுவார்களாம், ஒவ்வொருவரும் அதற்கு ஒரு தலைமுடி, ஒரு பல் என்று சேர்த்துக்கொண்டே போவார்களாம். சாட்ஸ்வொர்த்துக்கு வந்தபோது வீட்டுக்குள்ளேயே குழாய். கடைசித் தங்கை முதல் ராத்திரி அழுதாளாம், பேய் அங்கேயே தனியாக நின்றுவிட்டதே என்று.

ஆயா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் பின்கட்டுக்கு வந்து வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வசந்தத்தில் ஏன் பேய்?

இங்கே இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். ஹாலோவீன் புத்தகங்களைத் திறந்தால் இலையுதிர்காலம். ஆரஞ்சு இலைகள், மூடுபனி, கழுத்துத் துணி சுற்றின பிள்ளைகள், நாலு மணிக்கே இருட்டு. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குகிற நாளைச் சௌவின் என்று கொண்டாடியதிலிருந்து வந்த பழக்கம் அது. அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள், அமெரிக்கா போனதும் அது பூசணியாயிற்று. நாள் சுருங்கி ராத்திரி நீளுகிற வேளையில், பெரியவர்களும் உள்ளூரப் பயப்படுகிற வேளையில், அந்தப் பயத்துக்கு ஒரு முகம் வரைந்து வாசலில் வைத்தார்கள். அந்த ஊருக்கு அது பொருந்துகிறது.

டர்பனில் அக்டோபர் 31 வசந்தம். ஜகரண்டா மரங்கள் ஊதாப் பூவாகச் சொரிந்துகொண்டிருக்கும். காலை ஐந்து மணிக்கே விடிந்துவிடும், மாலை ஆறேகாலுக்குத்தான் சூரியன் மறையும், நாளுக்கு நாள் வெளிச்சம் கூடிக்கொண்டு போகும். ஜன்னலுக்கு வெளியே மாங்காய் காய்த்துத் தொங்கும்போது மடியில் பனி மூடின குன்று. மகள், “இந்த ஊர்ல எப்பவும் ராத்திரியாம்மா?” என்று கேட்டாள், புத்தகத்தில் இருக்கிற ஊரைக் காட்டி.

அதனால் எங்கள் வீட்டில் பேய்ப் பருவத்தை மாற்றிவிட்டோம். இங்கே இருட்டு ஜூனில் வருகிறது. ஜூன் 21இல் சூரியன் மாலை ஐந்து மணி தாண்டியதும் மறைந்துவிடும், காலையில் ஏழுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதுதான் எட்டிப் பார்க்கும். பள்ளிக் குளிர்கால விடுமுறையும் அதை ஒட்டியே வரும். அப்புறம் ஆடி மாதம், அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுகிற காலம். போர்வை, சுக்குக் காப்பி, சீக்கிரம் வருகிற ராத்திரி எல்லாம் சேர்ந்தால் பேய்ப் புத்தகத்துக்கு வேறென்ன வேண்டும்? அக்டோபரில் நூலகத்து மேசையில் கூட்டம் மொய்க்கும், ஜூனில் அந்தப் புத்தகங்களைத் தேடுவார் இல்லை. நாங்கள் பை நிறைய எடுத்து வருவோம். 2024 குளிர்காலத்தில் லோட் ஷெட்டிங் இல்லை. மகள்தான் தினமும், “நம்மளே கரன்ட்டை நிறுத்திக்கலாமா?” என்று கேட்டு விளக்கை அணைத்துவிட்டு சார்ஜ் விளக்கை எடுத்து வருவாள்.

எந்தப் புத்தகம் எடுப்பது என்று தோழிகள் கேட்கிறார்கள். பெயர் சொல்வதைவிட நான் எதைப் பார்த்து எடுக்கிறேன் என்று சொல்கிறேன். மூன்று நான்கு வயதுக்கு, பக்கம் திருப்புவதில்தான் பயம் இருக்க வேண்டும், படத்தில் இருக்கிற ரத்தத்தில் இல்லை. ஒரே வரி திரும்பத் திரும்ப வரவேண்டும், பிள்ளை மூன்றாவது பக்கத்திலேயே அதை நமக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். ஏதாவது சத்தம் போட இடம் இருக்க வேண்டும். தட்டுவது, ஊளையிடுவது, எதுவானாலும். கடைசியில் வீடு திரும்ப வேண்டும், பேயை அடித்துக் கொல்ல வேண்டியதில்லை. சிரித்துக்கொண்டே வருகிற பேய்கள் எனக்கு அலுத்துவிட்டன. பயமே இல்லாத பேய்ப் புத்தகத்தை என் மகள் ஒருமுறைக்கு மேல் கேட்டதில்லை. படிக்கத் தொடங்கும் முன் நான் ஒருமுறை தனியாகக் கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்துவிடுகிறேன். நடுவில் நிறுத்த வேண்டி வந்தால், கதை எங்கே போகிறது என்பதையாவது வாயால் சொல்லிவிட முடியுமே.

புதிதாக வாங்குவது இங்கே கஷ்டம்தான். வெளிநாட்டிலிருந்து வருகிற படப்புத்தகத்தின் விலையோடு, புத்தகத்துக்கும் 15 சதவீத வரி உண்டு. ஆனால் இலவசமாகக் கிடைப்பதும் இருக்கிறது. புக் டாஷ் என்ற அமைப்பு இந்த நாட்டுப் பிள்ளைகளை வைத்தே, பல மொழிகளில் வெளியிடுகிற படக்கதைகளை யாரும் இறக்கிக்கொள்ளலாம். 2012இல் தொடங்கின நலிபாலி என்ற வாசிப்பு இயக்கம் இரு மொழியில் கொடுக்கிற கதைத்தாள்களை வெட்டி மடித்தால் குட்டிப் புத்தகமாகிவிடும். தமிழில் வேண்டும் என்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்திலிருந்து எடுத்து அச்சிட்டு, ஓரத்தில் நூல் கோத்துத் தைத்துக்கொள்கிறேன். தமிழில் சின்னப் பிள்ளைகளுக்குப் பேய்ப் புத்தகம் எனக்குக் குறைவாகவே கிடைத்திருக்கிறது. முனியும் மோகினியும் வேதாளமும் கொள்ளிவாய்ப் பிசாசும் வைத்திருக்கிற நாம், பிள்ளை கையில் கொடுக்கிற புத்தகத்தில் எப்போதும் நீதி சொல்கிற நரியையும் முயலையும் மட்டும் வைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மகளின் காப்பகத்தில் பார்த்துக்கொள்கிற, ஜூலு மொழி பேசும் அம்மாவைப் பிள்ளைகள் கோகோ என்பார்கள், பாட்டி என்று அர்த்தம். அவர் கதையை, “குவாசுகாசுகேலா” என்று தொடங்குவார். முன்னொரு காலத்தில் என்பது போல. பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில், “கோசி!” என்று பதில் கொடுக்க வேண்டும். அந்த முதல் எழுத்து நாம் பாவம் பார்த்து ‘ச்சு’ கொட்டுகிற அதே சத்தம். இதைக் கேட்டதும் எனக்குத் தாத்தாவின் ‘ம் கொட்டு’ ஞாபகம் வந்துவிட்டது. கேட்கிறவர் வாய் திறக்காமல் கதை கிளம்பாது என்று இரண்டு ஊரிலும் வைத்திருக்கிறார்கள். பகலில் கதை சொன்னால் தலையில் கொம்பு முளைக்கும் என்றும் கோகோ சொன்னார், அவருடைய பாட்டி சொன்னதாம். காப்பகத்தில் மதியம்தானே சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு, திரையை இழுத்துவிட்டுத்தான் சொல்கிறேன் என்றார். சிறுமியைக் கோணிப்பையில் போட்டுத் தூக்கிப்போகிற ராட்சசன் கதை தெற்கு ஆப்பிரிக்காவில் பல மொழிகளில் உண்டு. பைக்குள் இருந்து சிறுமி பாடுவாள், பாட்டைக் கேட்டு உறவுக்காரர்கள் அடையாளம் கண்டு அவளை மீட்டுவிடுவார்கள். கோகோ சொன்னதில் அவளுக்குப் பதிலாகத் தேனீக்களைப் பைக்குள் அடைத்துவிடுகிறார்கள். எங்கள் தெருவின் கோணிப்பைக்காரர் நினைவு வந்தது. இந்தக் கதையில் பைக்குள் இருப்பவளுக்குக் குரல் இருக்கிறது, வெளியே அதைக் கேட்க வீட்டு மனுஷர்கள் இருக்கிறார்கள்.

சாத்தின கதவு

2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன, அக்டோபர் 31. ஆயா வீட்டில் தீபாவளிக்கு முந்தின நாள் இறந்தவர்களுக்குப் படைப்பார்கள். அன்று காலையிலிருந்து சமையல். ஆட்டுக்கறி, மீன், வடை, ஆயாவின் அம்மாவுக்குப் பிடித்த பூசணிக்காய்க் கூட்டு, அப்பாவுக்கு ஒரு டம்ளர் மது. பூசணிக்காய் நறுக்கும்போது மகள் அதில் கண்ணும் வாயும் வெட்டித் தரச் சொன்னாள். ஆயா யோசிக்காமல் ஒரு துண்டில் வெட்டிக் கொடுத்தார். அது படங்களுக்கு முன்னால், வாழையிலைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

சாயங்காலம் விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, எல்லோரும் விழுந்து கும்பிட்டதும் அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றோம். கொஞ்ச நேரம் அவர்கள் வந்து சாப்பிட வேண்டும், நாம் உள்ளே இருக்கக் கூடாது. நாலரை வயது மகள் சாத்தின கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனதில் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. பழைய பதற்றம் எனக்குள் எழும்பியது. ஒன்றுமில்லை, சும்மா சாமி கும்பிடுகிறோம் என்று சொல்லி அவளை முற்றத்துக்குக் கூட்டிப்போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. போகவில்லை.

“உள்ள யார் இருக்கா?” என்று ஆயாவிடம் கேட்டாள்.

“எங்க அம்மா, எங்க அப்பா, ரெண்டு அண்ணன், ஒரு தங்கச்சி.”

“அவங்க பேயா?”

ஆயா கொஞ்சம் யோசித்தார். “எனக்கு அவங்க அம்மா அப்பாதான். தெரியாதவங்க பார்த்தா பேய்னு சொல்லுவாங்களோ என்னவோ.”

“விரல் நீளமா இருக்குமா?”

“எங்க அம்மாவுக்குக் குட்டை விரல். உன்னை மாதிரி.”

மகள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் போனாள். “கதவு நல்லாச் சாத்தியிருக்கா? அவங்களுக்குக் குளிரும்” என்றாள். ஆயா இன்னொரு தடவை கதவை அழுத்தி மூடினார். தெருக்கோடியில் யாரோ பட்டாசு வெடித்தார்கள். மகள் கதவில் காதை வைத்து, மூச்சை அடக்கி வெகுநேரம் கேட்டாள். உள்ளே என்ன கேட்டதோ, மெதுவாக, “ம்” என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், “ம்.”